அணில் வேட்டைக்கு எந்தக் காலிபர் செல்லும்? பென்சில்வேனியாவில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பென்சில்வேனியாவில் அணில், முயல் போன்ற சிறு விலங்குகளுக்கு, ரைஃபிள் என்றால், ".22 அல்லது அதற்குக் குறைந்த காலிபர்" (காலிபர் என்பது குழலின் விட்டம்) என்பது விதி. இதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் இந்த எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், அணிலுக்குச் செல்லாத துப்பாக்கியோடு வீடு திரும்ப வாய்ப்பு உண்டு. காலிபர் விதி எண்ணைப் பற்றியது மட்டும் அல்ல. தோட்டா எப்படிப் பற்றிக்கொள்கிறது, குழலிலிருந்து எத்தனை குண்டுகள் வெளியே வருகின்றன என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இங்கே சொல்வது எல்லாம் பென்சில்வேனியாவுக்கு. பக்கத்து மாநிலத்துக்குப் போனால் விதி வேறு. இந்தியாவிலோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே தடை செய்கிறது.

படி 1: உங்களுக்குத் தகுதி இருக்கிறதா?

காலிபருக்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள். அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி, எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. சுடும் பயிற்சி இடமான ரேஞ்சில் துப்பாக்கியை வாடகைக்கு வாங்கிச் சுடுவதும் "வைத்திருத்தல்" என்பதில் அடங்கும். நண்பர் கூப்பிட்டார் என்று சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போய்வரும் நம்மவர்கள் நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. மீறினால் அது கடுமையான ஃபெடரல் குற்றம், விசாவுக்கும் ஆபத்து.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் தடை பொருந்தாது. பென்சில்வேனியாவில் உரிம ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. புதுப்பிக்க மறந்தால் ஜூலை முதல் தேதியிலிருந்து அலமாரியில் இருக்கும் ரைஃபிளே சிக்கலாகிவிடும். உங்கள் நிலைமையில் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

முதன்முறை உரிமம் வாங்குபவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும். எனவே முதலில் வகுப்பு, அடுத்து உரிமம், அப்புறம்தான் துப்பாக்கி.

படி 2: தோட்டாவின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள்

.22 என்றால் குழலின் விட்டம் ஏறத்தாழ 0.22 அங்குலம், அதாவது 5.6 மில்லிமீட்டர். ராணுவ ரைஃபிள் குடும்பத்தைச் சேர்ந்த .223 ரெமிங்டனின் குண்டும் கிட்டத்தட்ட அதே விட்டம்தான். ஆனாலும் ஒன்று அணிலுக்குச் செல்லும், மற்றது செல்லாது. காரணம் தோட்டாவின் அடியில் இருக்கிறது.

ரிம்ஃபயர் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடித்தட்டின் விளிம்புக்குள் இருக்கும். அதனால் அடிப்பாகம் மொழுமொழுவென்று இருக்கும். சென்டர்ஃபயர் தோட்டாவில் நடுவே பொட்டு வைத்தாற்போல ஒரு சிறு வட்டம், பிரைமர், தெரியும். தோட்டா போட்டுச் சுடும் ரைஃபிள்களில், சிறு விலங்குகளுக்கு இங்கே அனுமதி ரிம்ஃபயருக்கு மட்டும்தான். நடுவில் வட்டம் தெரிகிறதா? எண் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அந்த ரைஃபிள் தோட்டா அணிலுக்கு வேண்டாம். .22 ஹார்னெட், .17 ஹார்னெட் இரண்டும் பெயரைக் கேட்டால் ஏமாற்றும், இரண்டும் சென்டர்ஃபயர்.

அப்படியானால் எவையெல்லாம் செல்லும்? 1887-இல் வந்து இன்றுவரை அசையாமல் நிற்கும் .22 லாங் ரைஃபிள், 1959-இல் வின்செஸ்டர் கொண்டுவந்த .22 மேக்னம், 2002-இல் ஹார்னடி வெளியிட்ட .17 எச்.எம்.ஆர். மூன்றும் செல்லும். ஒரே எச்சரிக்கை: மேக்னம் ரைஃபிளில் சாதாரண .22 லாங் ரைஃபிள் தோட்டாவைப் போடாதீர்கள். உள்ளே போகும், ஆனால் லொடலொடவென்று நிற்கும். சுட்டால் தோட்டாவின் உறை பிளந்துகொள்ளும். குழலில் என்ன எழுதியிருக்கிறதோ அதே பெயர் தோட்டாப் பெட்டியிலும் இருக்க வேண்டும்.

படி 3: ஷாட்கன் என்றால் கேஜும் குண்டின் எண்ணும்

ஷாட்கன் என்பது ஒரே தோட்டாவிலிருந்து பல சிறு குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கி. அதன் அளவைக் கேஜ் என்பார்கள். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுதான் 12 கேஜ் குழலின் விட்டம். எனவே எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும்: 20 கேஜ் 12 கேஜைவிடச் சிறியது. .410 மட்டும் கேஜ் கணக்கில் வராது, அது நேரடியாக அங்குலம். 10 கேஜுக்கு மேல் பெரிய குழலுக்கு அனுமதி இல்லை என்பது விதி. கடையில் கிடைப்பவற்றை வைத்துப் பார்த்தால் இது யாரையும் தடுக்கப் போவதில்லை.

கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் சிறு குண்டுகளை. ஈயம் என்றால் 4-ஆம் எண், ஸ்டீல் என்றால் 2-ஆம் எண், அதைவிடப் பெரிய குண்டு கூடாது. இங்கும் எண் தலைகீழ்தான். 4-ஆம் எண் குண்டு 0.13 அங்குலம், 6-ஆம் எண் 0.11 அங்குலம். ஆகவே 5, 6 எல்லாம் செல்லும். மானுக்கான பெரிய குண்டுகளான பக்‌ஷாட், ஒற்றைக் குண்டான ஸ்லக் இரண்டும் செல்லாது. மான் பருவத்தில் பையில் போட்ட ஸ்லக் அடியில் கிடக்கிறதா என்று கிளம்பும்முன் துழாவிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. 20 கேஜ் தோட்டாவை 12 கேஜ் குழலில் போட்டால் அது வழுக்கிப்போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதனால்தான். இரண்டையும் ஒரே பையில் வைக்கவே வைக்காதீர்கள்.

படி 4: ஏர்கன்னும் மருந்து கிட்டிக்கும் துப்பாக்கியும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏர் ரைஃபிளில் .177 முதல் .22 வரை செல்லும், .25 செல்லாது. பெல்லட் எனும் ஏர்கன் குண்டு போடலாம், உருண்டையான பிபி குண்டு கூடாது, அது அணிலைக் கொல்லாமல் காயப்படுத்திவிடும் என்பதால் அந்த விதி எனக்குச் சரியாகவே படுகிறது. குழலின் வாய்வழியாக மருந்து கிட்டிக்கும் ரைஃபிளில் .40 வரை அனுமதி. கைத்துப்பாக்கிக்குத் தனி விதிகள் உண்டு, முதல் பருவத்தில் அதைத் தொட வேண்டாம்.

படி 5: இலை இருக்கிறதா, உதிர்ந்துவிட்டதா?

சட்டம் அனுமதிப்பதிலிருந்து நமக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கும் இடம் இது. என் கருத்தைச் சொல்கிறேன்.

செப்டம்பரில் பருவம் தொடங்கும்போது ஹிக்கரி மரங்கள் இலையடர்ந்து நிற்கும். அணில் உச்சிக்கிளையில் கொட்டை கடித்துக்கொண்டிருக்கும், அதன் பின்னால் வானம்தான் இருக்கும். அந்தக் கோணத்தில் .22 ரைஃபிளைத் தூக்கவே கூடாது. தவறிய .22 குண்டு ஒரு மைலுக்கு மேலும் போகும். அது எங்கே விழும் என்று நம்மால் சொல்ல முடியாது. ஷாட்கன்னின் சிறு குண்டுகள் சில நூறு கஜத்துக்குள் வேகமிழந்து விழுந்துவிடும். அதனால் இலை இருக்கும்வரை 20 கேஜ் ஷாட்கன், 6-ஆம் எண் குண்டு, 30 கஜத்துக்குள் மட்டும்.

இலை உதிர்ந்த பிறகு அணில்கள் ஓக் விதை பொறுக்கத் தரைக்கு வரும். அப்போது .22 லாங் ரைஃபிளுக்கு இணை கிடையாது. நொடிக்கு 1,070 அடி வேகத்தில் போகும் சாதாரண 40 கிரெய்ன் (குண்டின் எடை) தோட்டாவே போதும். சத்தம் குறைவு, விலையும் குறைவு. தலையில் பட்டால் உடனே முடிந்துவிடும், கறியும் வீணாகாது. .17 எச்.எம்.ஆர். நொடிக்கு 2,550 அடி வேகம். உடம்பில் பட்டால் சமைக்க மிச்சமிருக்காது. சட்டப்படி செல்லும் என்பதற்காகப் புதியவர்கள் அதில் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 6: குறி பழகுங்கள்

அணிலின் தலை ஒன்றரை அங்குலம்தான். 25 கஜத்தில் ஒரு அங்குல வட்டத்துக்குள் தொடர்ந்து ஐந்து குண்டுகளைப் போட வரும்வரை காட்டுக்குப் போகாதீர்கள். மேசைமேல் ரைஃபிளைச் சாய்த்துவைத்துக் குறியைச் சரிசெய்த பிறகு, உட்கார்ந்தும் மரத்தில் தோளைச் சாய்த்தும் பழகுங்கள், காட்டில் மேசை இருக்காது. தோட்டா பிராண்டை மாற்றினால் குறியும் மாறும். உங்கள் துப்பாக்கிக்கு ஒத்துவரும் ஒன்றைக் கண்டுபிடித்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 7: காட்டில்

தலை, மார்பு, முதுகு மூன்றிலும் சேர்த்து 250 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும். தொப்பியும் வெஸ்ட்டும் போட்டால் கணக்கு சரியாகிவிடும். ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 கஜத்துக்குள், குடியிருப்பவரின் அனுமதி இல்லாமல், வேட்டையாடக் கூடாது. காரில் ஏறும்முன் தோட்டாவை எடுத்துவிட வேண்டும்.

விசையைத் தொடும்முன் அணிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தடித்த மரமோ மண்மேடோ இருந்தால் சுடலாம். அணிலின் இலைக்கூட்டை நோக்கிச் சுட வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. சுட்ட அணிலைத் தேடி எடுக்க முயல்வது சட்டப்படியும் உங்கள் கடமை. விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு நேராக அங்கே போங்கள்.

சாம்பல், கறுப்பு, சிவப்பு அணில்களும் ஃபாக்ஸ் அணிலும் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 6, கைவசம் அதிகபட்சம் 18. பறக்கும் அணில்கள் இந்தப் பட்டியலில் இல்லை, அவற்றைத் தொடக்கூடாது. வடக்கத்திப் பறக்கும் அணில் இந்த மாநிலத்தில் அழிவின் விளிம்பில் இருக்கிறது. பருவத் தேதிகளையும் வரம்புகளையும் பென்சில்வேனியாவின் வேட்டை விலங்கு ஆணையம் (Game Commission) ஆண்டுதோறும் வெளியிடும் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், போன வருடத்துப் பிரதியை வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம்.