பரணில் கிடந்த ஏறுகயிற்றை மறுபடி நம்பலாமா?

மழைக்காலம் ஓய்ந்து, ராமநகரத்துக்கோ பாதாமிக்கோ பாறை ஏறப் போகலாம் என்று நண்பர்கள் பேச்செடுக்கும்போதுதான், நான்கு ஆண்டுகளாகப் பரணில் கிடக்கும் கயிற்றுப் பை பலருக்கும் நினைவுக்கு வருகிறது. பையைத் திறந்தால் கயிறு நிறம் மங்காமல், வாங்கிய நாளில் இருந்ததுபோலவே இருக்கும். அந்தத் தோற்றத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கயிறு எப்போது செய்யப்பட்டது, எவ்வளவு உழைத்தது, எங்கே கிடந்தது, கைக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்க வேண்டும்; இவற்றுள் எங்கே கிடந்தது என்பதைத்தான் நம் வீடுகளில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

இங்கே பேசுவது, விழுபவரை நீண்டு கொடுத்துத் தாங்கும் நைலான் டைனமிக் கயிற்றைப் பற்றி. உள்ளே வெண்ணிற இழைக் கற்றைகளாலான உட்கருவும், அதைச் சுற்றி இறுக்கமாகப் பின்னிய மேலுறையும் கொண்ட இந்த அமைப்பை 1953இல் ஜெர்மனியின் எடெல்ரிட் நிறுவனம் கொண்டுவந்தது. சுமையின் பெரும்பகுதியைத் தாங்குவது உட்கரு. மேலுறை அதற்குக் காவல். ஈ.என். 892 என்னும் ஐரோப்பியத் தரத்தின்படி, ஒற்றையாகவே பயன்படுத்தும் கயிறு 80 கிலோ எடையின் கடுமையான வீழ்ச்சியைக் குறைந்தது 5 முறை தாங்க வேண்டும். முதல் வீழ்ச்சியில் விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. ஆனால் இவை ஆய்வகத்தில் புதுக் கயிற்றுக்கு வைக்கும் சோதனைகள் என்பதால், பரணிலிருந்து இறக்கிய கயிற்றுக்கு இந்த எண்களை அப்படியே பொருத்திப் பார்ப்பது தவறு.

முதலில் ஆண்டைக் கண்டுபிடியுங்கள். வாங்கியபோது வந்த கையேட்டிலோ, கயிற்றின் நுனிகளில் ஒட்டிய பட்டையிலோ அது இருக்கக்கூடும். பட்டை உரிந்திருந்தாலும், சில நிறுவனங்கள் உட்கருவோடு சேர்த்து நீளவாக்கில் ஓடவிடும் மெல்லிய நாடாவில் ஆண்டு அச்சாகியிருக்கும். நுனியில் ஒரு சாண் வெட்டிப் பிரித்தால் நாடா இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒருமுறைகூடப் பயன்படுத்தாத கயிறானாலும் 10 ஆண்டுகளுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது பல தயாரிப்பாளர்கள் சொல்லும் எல்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் எடுத்தால் 7 ஆண்டுகள், மாதம் ஒருமுறை என்றால் 5, மாதத்தில் பலமுறை என்றால் 3, வாரந்தோறும் என்றால் ஒரே ஆண்டு, நாள்தோறும் என்றால் அதற்கும் குறைவு என்பது பரவலாகத் தரப்படும் கணக்கு. நிறுவனத்துக்கு நிறுவனம் இது சற்று மாறும். உங்கள் கயிற்றின் கையேடு சொல்வதே செல்லும். இவை உச்ச வரம்புகளே தவிர, அதுவரை கயிறு உழைக்கும் என்ற உத்தரவாதம் அல்ல. ஒரே ஒரு பெரிய வீழ்ச்சியோ கூரான பாறை விளிம்போ புதுக் கயிற்றையும் அன்றே ஒதுக்க வைத்துவிடும்.

அடுத்தது, கிடந்த இடம். ஜெர்மன் ஆல்பைன் சங்கம் என்னும் மலையேறுவோர் அமைப்பில் நெடுங்காலம் பாதுகாப்பு ஆய்வில் ஈடுபட்ட பிட் ஷூபர்ட், அறுந்த கயிறுகளைத் தொடர்ந்து ஆராய்ந்தவர். நல்ல நிலையிலுள்ள கயிறு வயதால் மட்டும் அறுவதில்லை, கூர்விளிம்பும் கந்தக அமிலமுமே அறுக்கின்றன என்பது அவர் கண்டது. அமிலம் என்றதும் நமக்கு ஆய்வகம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கும் வீட்டில் அமிலமும் இருக்கிறது. ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது வெளியேறும் வாயுவோடு கந்தக அமிலத் துளிகளும் மிக நுண்ணிய அளவில் கலந்து வரும். என் 60 மீட்டர் கயிறு ஒன்று இரண்டு கோடைக்காலம் அப்படியொரு பேட்டரிக்கு மேலிருந்த பலகையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது கயிற்றில் ஒரு கறைகூட இல்லை. ஆனால் அதைச் சுற்றியிருந்த பருத்திப் பையின் அடித்துணி, விரலால் மெல்ல இழுத்ததுமே நமத்த அப்பளம்போலச் சத்தமில்லாமல் பிய்ந்து வந்தது. துணியை அரித்தது நைலானை மட்டும் விட்டுவைத்திருக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. அன்றே கயிற்றை ஒதுக்கினேன். கழிவறை ஆசிட் பாட்டில், பிளீச்சிங் பவுடர், கார் டிக்கியில் உருண்ட பழைய பேட்டரி என எதனுடனாவது கயிறு இருந்ததாகச் சிறு சந்தேகம் வந்தாலும் இதையே செய்யுங்கள். அமிலம் தின்ற கயிற்றைக் கண்ணாலோ கையாலோ உறுதியாக அடையாளம் காண முடியாது.

வெயிலும் நைலானுக்கு ஆகாது. ஜன்னலோரம் மாதக்கணக்கில் தொங்கிய கயிற்றின் மேலுறை வெளிறிச் சொரசொரப்பாகும். எலி கடித்த இடம் பார்த்ததுமே தெரியும். ஈரத்தோடு சுருட்டி வைத்ததில் பூஞ்சை வாடை மட்டும் ஏறியிருந்தால், 30 டிகிரிக்கு மேற்படாத நீரில் மிதமான சோப்பிட்டு அலசி, நிழலில் நன்றாக உலர்த்திய பிறகு சோதிக்கலாம். நனைந்த நைலான் கயிறு குறைவான வீழ்ச்சிகளையே தாங்கும் என்பதால், உலருமுன் அதில் ஏற வேண்டாம்.

கையால் சோதிப்பதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பகல் வெளிச்சத்தில் பாயை விரித்து உட்கார்ந்து, ஒரு நுனியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சாணையும் இரு கைகளின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து வளையுங்கள். நலமான கயிறு எதிர்த்து நின்று, உருண்டையான வளைவாகத் திரும்பும். ஓரிடத்தில் மட்டும் தட்டையாக மடிந்து, வளைவின் இரு பக்கங்களும் ஒட்டிக்கொண்டால், அங்கே உட்கரு சேதமாகியிருக்கிறது என்று கொள்ளுங்கள். விரலுக்குக் கீழே கட்டி, பள்ளம், கம்பிபோன்ற விறைப்பு, மேலுறைக்குள் எதுவுமில்லாததுபோன்ற தொளதொளப்பு, உருகி மினுங்கும் பட்டை, மேலுறையைப் பிளந்து எட்டிப் பார்க்கும் வெண்ணிழை ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அந்த இடம் ஏறுவதற்கு ஆகாது. சீராகப் படர்ந்த லேசான பிசிறு மட்டும் இருந்தால் கவலை இல்லை. இடையில் பேச்சுக் கொடுத்துக்கொண்டு செய்தால் ஒரு சாண் தவறிவிடும். சந்தேகம் வந்தால் மறுநுனியிலிருந்து மீண்டும் வாருங்கள்.

பழுது நுனியிலிருந்து இரண்டொரு மீட்டருக்குள் இருந்து, மற்றப் பகுதி நன்றாக இருந்தால், அதை வெட்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். ஆனால் கயிற்றின் நீளம் குறைந்துவிட்டது, நடுக்குறியும் இனி நடுவில் இல்லை என்பதை உடன் ஏறும் எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். இறங்கும்போது கயிறு தரையை எட்டாமல் போவதால்தான் பல விபத்துகள் நடக்கின்றன. பழுது நடுப்பகுதியில் என்றால் முழுக் கயிற்றையும் ஒதுக்குவதே என் வழக்கம். வரலாறு தெரியாத பழைய கயிற்றை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்க வேண்டாம்.

ஒதுக்கிய கயிற்றை முழுசாகப் பரணில் திரும்ப வைக்காதீர்கள். இரண்டு ஆண்டு கழித்து வேறு யாராவது அதை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போவார்கள். பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டவோ, கிணற்றில் ஆளை இறக்கவோ அதைக் கொடுக்கவும் கூடாது. இரண்டு இரண்டு மீட்டராக வெட்டி, நுனிகளைத் தீயில் வாட்டி வைத்தால், துணி உலர்த்தும் கொடிக்கும் மூட்டை கட்டுவதற்கும் பல ஆண்டுகள் உதவும்.