தவிசாளர் கதிரைக்குத் தலை எண்ணுகிறவர்கள் விடும் பிழைகள்

இலங்கையில் 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல் முடிந்த கையோடு, புதிதாகத் தெரிவான இரண்டு பெடியன்கள் ஒரு கொப்பித்தாளோடு என் வீட்டு முற்றத்துக்கு வந்தார்கள். தாளில் பெயர்கள், பக்கத்தில் சரி அடையாளம், அடியில் கூட்டுத்தொகை. "அண்ணை, எங்களுக்குக் காணும், ஒண்டு கூடவும் இருக்கு" என்றார்கள். சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. 2018இல் நானும் இதே மாதிரி ஒரு தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவன்தான்.

நேரத்துக்குப் போங்கள், போனை நிறுத்தி வைக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுவோம். 2018இல் வட்டாரமும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்புத் தேர்தல் முறை வந்த பிறகு பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் பாதிக்கு மேல் ஆசனம் கிடைப்பதில்லை. அப்படியான சபையில் தவிசாளரை, அதாவது சபைத் தலைவரை, கட்சி நியமிக்க முடியாது, முதல் அமர்வில் உறுப்பினர்கள்தான் வாக்களித்துத் தெரிவு செய்ய வேண்டும். அதிக ஆசனம் எடுத்தவருக்கே கதிரை என்று எங்கும் எழுதியில்லை. 2018இல் வவுனியா நகரசபையில் கூடுதல் ஆசனம் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பிடம் இருந்தது, கதிரையில் இருந்தவர் தமிழர் விடுதலைக் கூட்டணிக்காரர்.

உள்வீட்டு முடிவைச் சபை முடிவென்று நினைப்பது

இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2018இல் எங்கள் ஊர்ச் சபையில் 16 பேர். எங்கள் கட்சிக்கு 7, அடுத்த கட்சிக்கு 5, இரண்டு சிறிய அணிகளுக்கு இரண்டிரண்டு. ஒரு சிறிய அணி எங்களோடு வருவதாகச் சொல்லிவிட்டது, ஆக 9. தவிசாளர் வேட்பாளர் யார் என்று எங்களுக்குள் கைதூக்கிப் பார்த்தபோது மூத்தவருக்கு 4, இளையவருக்கு 3. இளையவர் ஒன்றும் பேசவில்லை, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த பத்து நாளும் சிறிய அணியின் இரண்டு பேர் பின்னாலேயே ஏ9 வீதியில் ஏறி இறங்கினேனே தவிர, இளையவர் வீட்டுப் படலையை ஒருநாளும் திறக்கவில்லை.

அமர்வு அன்று காலை முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போனோம். வாக்கெடுப்பு பகிரங்கமா இரகசியமா என்று முதலில் கேட்பார்கள், அதையும் உறுப்பினர்களே வாக்களித்துத் தீர்மானிக்க வேண்டும். நாங்கள் பகிரங்கம் கேட்டோம். இரகசியத்துக்கு 9, எங்களுக்கு 7. அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். பார்வையாளர் பக்கத்தில் இருந்த நானோ, இரண்டு பேர் கூச்சப்படுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் எதிர்ப்பக்கம் எழும்பி முன்மொழிந்தது தங்கள் ஆளை அல்ல, எங்கள் இளையவரை. எங்கள் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றிச் சால்வையால் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். இளையவருக்கு 9, மூத்தவருக்கு 7. எங்களிலிருந்து போனது இரண்டே இரண்டு தலை.

வெளியே நின்ற பெடியள் கட்சியின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு நாங்கள் வாங்கிக் கொடுத்த வெடியைக் கொளுத்திவிட்டார்கள். காசு வீணாகவில்லை என்று இன்றும் என்னைக் கிண்டல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இது எங்கள் ஊர்க் குணம் என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையில் 99 பேர், 2022 தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு 67. நவம்பரில் கட்சிக்குள் கூடி டெரிக் மெரின்தான் அடுத்த சபாநாயகர் என்று முடிவெடுத்தார்கள். 2023 ஜனவரி 3ஆம் திகதி சபை கூடியபோது அதே கட்சியின் ஜேசன் ஸ்டீபன்ஸ் 54க்கு 43 என்று வென்றார். ஜனநாயகக் கட்சிக்காரர் 32 பேரும் அவருக்கே போட்டார்கள், சொந்தக் கட்சியில் அவருக்கு வெறும் 22தான். எதிர்க்கட்சிக்குத் தன் ஆளை வெல்ல வைக்க எண்ணிக்கை இல்லை, ஆனால் உங்கள் ஆட்களில் யார் வெல்வது என்று தீர்மானிக்கப் போதுமான எண்ணிக்கை இருந்தது. நான் எண்ணாமல் விட்டதும் அந்தத் தலைகளைத்தான். எதிர்ப்பக்கம் 5 பேர், எப்படியும் எங்களுக்குப் போடமாட்டார்கள் என்று கோடு இழுத்துவிட்டேன். அவர்கள் 5 பேரும் ஒரே இரவில் ஒரே வீட்டில் இருந்து சோறு சாப்பிட்டிருக்கிறார்கள், அந்த வீடு எங்கள் இளையவருடையது.

ஆகவே உள்வீட்டில் தோற்றவரின் வீட்டுக்கு முதலில் போங்கள். அன்று இரவே போங்கள். உப தவிசாளர் பதவியை வெளியாளுக்கு வாக்குக் கொடுப்பதற்கு முன்னம் அவரிடம் ஒரு சொல் கேளுங்கள்.

கட்சி நடவடிக்கை என்று வெருட்டுவது

ஓஹாயோவில் கட்சி அந்த 22 பேரையும் கண்டித்துத் தீர்மானம் போட்டது. ஸ்டீபன்ஸ் 2024 முடியும் வரை கதிரையில் இருந்தார்.

"ஓம், பாப்பம்"

அது ஓம் இல்லை.

நடுநிலையை மறப்பது

உங்களுக்குப் போடமாட்டேன் என்கிற ஒருவரை எதிர்ப்பக்கத்துக்கும் போடாமல் இருக்க வைக்கலாம், அது பாதி வாக்கு. புதியவர்கள் ஆதரவு கேட்டு மல்லுக்கட்டி, கடைசியில் அவரை முழுசாக எதிர்ப்பக்கம் தள்ளிவிடுகிறார்கள்.

சமநிலை

திருவுளச்சீட்டு. குலுக்கி எடுக்கிற துண்டில் உங்கள் பத்து நாள் ஓட்டமும் போய்விடும்.

மாலை

முதலே வாங்க வேண்டாம்.

அந்தப் பெடியன்களின் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: உங்களுக்குள் கைதூக்கினபோது தோற்றது யார்? ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அவர் ஒண்டும் சொல்லேல்லை அண்ணை, சிரிச்சிட்டுப் போட்டார். ரெண்டு நாளாப் போன் எடுக்கிறாரில்லை."

நான் செருப்பைத் தேடினேன். "எழும்புங்கோ, மோட்டார் சைக்கிளை எடுங்கோ."