அடியிலையின் ஓரம் கருகினால்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவு முழுக்க மணல். தையில் நட்ட தக்காளி, பங்குனியில் காய் பிடிக்கும் நேரம் அடியிலைகளின் ஓரம் மஞ்சளாகி, பிறகு தீப்பட்ட கடதாசி போலப் பழுப்பானது. வெயில்தான் என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டினேன். அப்புறம் யூரியா போட்டேன். செடி தளதளவென்று வளர்ந்தது, ஆனால் தண்டு நிமிரவில்லை. பழமும் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாகப் பழுத்தது. பக்கத்து வளவு மாமி வந்து பார்த்தார். "பிள்ளை, குருத்து நல்லாத்தானே இருக்கு? அடியிலைதான் கருகுது. சாம்பல் போடு" என்றார்.

சரியாகச் சொன்னார். சாம்பலில் பொட்டாசியம் என்ற சத்து இருக்கிறது. அது குறைந்தால், செடி பழைய இலையிலிருந்து அதை உருவிக் குருத்துக்குக் கொடுக்கும். இலைத்துளைகளைத் திறந்து மூடவும், இலையில் உண்டான சர்க்கரையைப் பழத்துக்குக் கொண்டுபோகவும் பொட்டாசியம் வேண்டும். கச்சான் காற்று வீசும்போது, அது போதாத செடிதான் முதலில் வாடும். எங்கள் மணலோ அதைப் பிடித்து வைக்காது, மாரிமழை கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் மழை ஓய்ந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கவேண்டும்.

விறகும் சிரட்டையும் எரித்த சாம்பலை அரித்தெடுங்கள். பூக்கத் தொடங்கும்போது செடிக்கு ஒரு சிறங்கை, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றிவரத் தூவி, மண்ணைக் கிளறித் தண்ணீர் விடுங்கள். நாலு கிழமை கழித்து இன்னொரு முறை. குப்பை, பிளாஸ்டிக் எரித்த சாம்பல் வேண்டவே வேண்டாம். யூரியாவோடு சேர்த்தும் போடாதீர்கள், தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும்.

சாம்பலை மழையில் நனைய விடாதீர்கள், மூடியுள்ள வாளியில் வையுங்கள். சாம்பல் கரைத்த நீரைப் பானையில் காய்ச்சி எடுத்த உப்புக்குத்தான் பொட்டாசு என்று பெயர் வந்தது. அவ்வளவு சுலபமாகக் கரைந்து போகும். தேங்காய்ப் பொச்சுமட்டையில் உள்ள பொட்டாசியமும் அப்படித்தான். முற்றத்தில் மாதக்கணக்கில் நனைந்ததை விட, புதிதாக உரித்ததை வாழையடியில் புதைப்பது நல்லது. ஈரமும் நிற்கும்.

சாம்பல் கிடைக்காவிட்டால் கடையில் எம்.ஓ.பி. (மியூரியேட் ஒப் பொட்டாஷ்) என்ற பொட்டாசியப் பசளை வாங்கலாம். செடிக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். அதில் குளோரைட்டு இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால், குளோரைட்டு சேராத பொட்டாசியப் பசளையான சல்பேட் ஒப் பொட்டாஷ் கேளுங்கள். அள்ளிக் கொட்டினால் மக்னீசியம் செடிக்குக் கிடைக்காமல், நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி வெளிறும்.

கருகிய இலை திரும்பப் பச்சையாகாது, கிள்ளிவிடுங்கள். அதற்கு மேலே உள்ள இரண்டு மூன்று இலைகளின் ஓரத்தைப் பார்த்து வாருங்கள்.