ஒரு சிவப்பு மானா, மூன்று சேதம்: தாக்கும் மந்திரக் கார்டை ஆடும் முறை

மேஜிக் தி கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தில் லைட்னிங் போல்ட் என்று ஒரு கார்டு உண்டு. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய இந்த ஆட்டம் 1993இல் வெளிவந்தபோது, முதல் தொகுப்பிலேயே அது இருந்தது. விலை ஒரே ஒரு சிவப்பு மானா; மானா என்பது நிலக் கார்டுகள் தரும் மந்திர ஆற்றல். எந்த இலக்குக்கும் 3 சேதம் என்பதே அதன் வேலை. தாக்கும் மந்திரங்களைக் கற்க இதைவிடச் சிறந்த கார்டு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

புதிதாக ஆட வருபவர்கள் இந்தக் கார்டை மேசையில் வைத்தவுடனே, எதிராளியின் உயிரினம் செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படி இல்லை. கார்டை வைப்பதற்கும் சேதம் விழுவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. ஆட்டத்தின் சுவை முழுவதும் அந்த இடைவெளியில்தான்.

படி 1: கார்டைப் படியுங்கள்

மூன்று இடங்களைப் பாருங்கள்: மேல் மூலையில் விலை, நடுவில் வகை, கீழே இலக்கு. லைட்னிங் போல்ட்டின் வகை இன்ஸ்டன்ட். எதிராளியின் முறையிலும், சண்டைக்கு நடுவிலும், அவர் ஆடிய மந்திரத்துக்குப் பதிலடியாகவும் ஆடலாம். லாவா ஸ்பைக் என்ற கார்டை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே ஒரு சிவப்பு மானா, அதே 3 சேதம். ஆனால் அது சோர்சரி: உங்கள் முறையின் முதன்மைக் கட்டத்தில், வேறு எந்த மந்திரமும் காத்திருக்காதபோது மட்டும்தான் ஆட முடியும். அதோடு ஆட்டக்காரரையோ, அவருக்குத் துணைநிற்கும் பிளேன்ஸ்வாக்கர் வகைக் கார்டையோ மட்டுமே தாக்கும், உயிரினத்தைத் தொடாது.

எந்த இலக்கும் என்று எழுதியிருந்தால் உயிரினம், ஆட்டக்காரர், பிளேன்ஸ்வாக்கர் ஆகியவற்றோடு 2023இல் வந்த பேட்டில் வகைக் கார்டும் அடங்கும். நிலக் கார்டு அடங்காது. புதியவர்கள் இந்த இடத்தில் அடிக்கடி ஏமாந்துபோகிறார்கள்.

படி 2: அறிவித்து, இலக்கைச் சொல்லி, விலையைக் கட்டுங்கள்

வரிசை முக்கியம். முதலில் கார்டைக் காட்டிப் பெயரைச் சொல்லுங்கள். அடுத்து இலக்கைத் தெளிவாகச் சுட்டுங்கள். அதன் பிறகே மலை நிலத்தைப் பக்கவாட்டில் திருப்பி மானாவைக் கட்டுங்கள். விரைவாக ஆடும்போது பலரும் நிலத்தை முதலிலேயே திருப்பிவிடுவார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் இலக்கை மட்டும் வாய்விட்டுச் சொல்லியே ஆகவேண்டும். சொன்ன பிறகு மனம் மாறினாலும் அதை மாற்ற முடியாது.

எதிராளியின் உயிரினத்துக்கு ஹெக்ஸ்ப்ரூஃப் என்ற திறன் இருந்தால் உங்களால் அதைக் குறிவைக்கவே முடியாது. வார்டு என்ற திறன் உள்ளதைக் குறிவைக்கலாம். ஆனால் அது கேட்கும் கூடுதல் விலையைக் கட்டாவிட்டால் மந்திரம் முறிந்துபோகும். ஆகவே இலக்கைச் சொல்வதற்கு முன் அந்தக் கார்டை ஒருமுறை வாங்கிப் படிப்பதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

படி 3: காத்திருங்கள்

இந்தப் படியைத்தான் நிறுத்தி நிதானமாகப் படிக்கவேண்டும். விலை கட்டிய மந்திரம் உடனே நடப்பதில்லை. ஸ்டாக் என்ற அடுக்கில் போய் உட்காருகிறது. எதிராளி அதன் மேல் தன் இன்ஸ்டன்ட்டை வைக்கலாம். நீங்கள் அதன் மேல் இன்னொன்றை வைக்கலாம். இருவரும் போதும் என்று விட்ட பிறகு, மேலே இருப்பது முதலில் நடக்கும். கடைசியாக வந்ததே முதலில் முடியும்.

எதிராளியிடம் சென்டார் கோர்சர் இருக்கிறது என்று கொள்வோம். அதன் தாக்கும் வலு 3, தாங்கும் வலு 3. நீங்கள் அதன் மேல் லைட்னிங் போல்ட்டை ஏவுகிறீர்கள். அவர் பதிலுக்கு ஜயன்ட் குரோத்தை ஆடுகிறார். அது இந்த முறை முடியும்வரை உயிரினத்தின் இரு வலுக்களையும் மூன்று மூன்று கூட்டும். மேலே இருக்கும் ஜயன்ட் குரோத் முதலில் நடக்கிறது. உயிரினத்தின் தாங்கும் வலு 6 ஆகிறது. பிறகு உங்கள் 3 சேதம் விழுகிறது. அது பிழைத்துக்கொள்கிறது.

இப்போது அதையே திருப்பிப் போடுங்கள். நீங்கள் போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பொறுத்திருக்கிறீர்கள். எதிராளி தானாகவே ஜயன்ட் குரோத்தை ஆடுகிறார். அதற்குப் பதிலடியாக நீங்கள் போல்ட்டை ஏவுகிறீர்கள். இப்போது போல்ட் மேலே. 3 சேதம் முதலில் விழ, உயிரினம் சாகிறது. ஜயன்ட் குரோத்துக்கு இலக்கே இல்லாமல் போய், அதுவும் வீணாக இடுகாடு என்ற கழித்த கார்டுக் குவியலுக்குப் போகிறது. அதே இரண்டு கார்டுகள்தான், வரிசை மட்டுமே வேறு. ஒரு கார்டைக் கொடுத்து அவருடைய இரண்டு கார்டுகளை எடுத்துவிட்டீர்கள். பொறுமைக்கு இந்த ஆட்டம் இவ்வளவு தாராளமாகக் கூலி கொடுக்கிறது.

படி 4: சேதம் விழும் கணம்

மந்திரம் நடக்கும் நேரம் வந்ததும், இலக்கு இன்னும் பொருந்துகிறதா என்று ஆட்டம் மறுபடி பார்க்கும். உயிரினம் அதற்குள் கைக்குத் திரும்பிப் போயிருந்தால், மந்திரம் எதுவும் செய்யாமல் இடுகாட்டுக்குப் போகும்.

பொருந்தினால், ஆட்டக்காரருக்கு விழும் சேதம் அவருடைய உயிர்ப்புள்ளியில் கழியும். பிளேன்ஸ்வாக்கருக்கு விசுவாசப் புள்ளி குறையும். உயிரினத்தின் கணக்கு வேறு: அதன் எண்கள் குறைவதில்லை, சேதம் அதன் மேல் குறிக்கப்படுகிறது. குறித்த சேதம் தாங்கும் வலுவை எட்டியவுடன் உயிரினம் அழியும். எட்டாவிட்டால், அந்த முறை முடியும்போது சேதம் மொத்தமாக அழிந்துவிடும். மேலே பிழைத்த சென்டாரை நினைத்துப் பாருங்கள். முறை முடிவில் கூட்டிய வலு போகிறது, அதே கணத்தில் 3 சேதமும் போகிறது. அதனால்தான் அது அடுத்த முறைக்கும் உயிரோடு வருகிறது.

குறித்த சேதம் ஒரே முறைக்குள் சேர்ந்துகொண்டே போகும் என்பதை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். தாங்கும் வலு 5 உள்ள பெரிய உயிரினத்தை ஒரு போல்ட் கொல்லாது. உங்கள் 2 வலு உள்ள சிறிய உயிரினம் சண்டையில் அதைத் தடுத்து 2 சேதம் கொடுத்த பிறகு போல்ட்டை ஏவினால், 2 கூட்டல் 3, முடிந்தது.

எக்ஸ் உள்ள மந்திரங்கள்

ஃபயர்பால் போன்ற கார்டுகளின் விலையில் எக்ஸ் என்று இருக்கும். அந்த எண்ணை விலை கட்டும் முன்பே நீங்கள் அறிவிக்கவேண்டும். ஃபயர்பாலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இலக்கு சொன்னால், கூடுதல் இலக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு மானா அதிகம். சேதமும் சமமாகப் பிரிந்து, மீதி விடுபட்டுப்போகும். எக்ஸ் 5, இலக்கு இரண்டு என்றால் மொத்தம் 7 மானா கட்டி, ஆளுக்கு 2 சேதம்தான் கிடைக்கும். எக்ஸை 5க்குப் பதில் 6 ஆக வைக்க முடிகிறவரை காத்திருந்தால் ஆளுக்கு 3.

யாரை அடிப்பது?

வழக்கமான ஆட்டத்தில் ஒருவருக்கு 20 உயிர்ப்புள்ளி. போல்ட்டால் மட்டும் வீழ்த்த 7 கார்டு வேண்டும். வழக்கமாக அமைக்கும் டெக் என்ற கார்டுக் கட்டில் ஒரே கார்டு நான்குதான் வைக்கலாம். அதனால் தொடக்கத்தில் உங்களை நெருக்கும் உயிரினங்களைச் சுடுவதே பெரும்பாலும் நல்லது. எதிராளியின் உயிர்ப்புள்ளி ஆறுக்கு வந்ததும் இந்தக் கணக்கு மாறும். அப்போது கையில் இரண்டு போல்ட் இருந்தால் உயிரினங்களை மறந்துவிடுங்கள்.

இன்று ஒரு நண்பரோடு உட்கார்ந்து, ஒரு போல்ட், ஒரு ஜயன்ட் குரோத், ஒரு சென்டார், இவற்றை மட்டும் மேசையில் வைத்துக்கொண்டு மேலே சொன்ன இரண்டு வரிசைகளையும் ஆடிப் பாருங்கள். பிறகு பக்கம் மாறி உட்கார்ந்து ஒருமுறை ஆடுங்கள்.