வாசிப்புக் குழுவின் முதல் புத்தகம்: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நண்பர்களும் தெரிந்தவர்களுமாகப் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்குகிறார்கள். மாதம் ஒரு நூலைப் படிப்பது, மாதக் கடைசி ஞாயிறன்று இணையவழியில் கூடி அதைப் பற்றிப் பேசுவது என்று முடிவாகிறது. முதல் வாரத்தில் புத்தக அட்டைப் படங்களும் பரிந்துரைகளும் குவிகின்றன. மூன்றாம் மாதம் குழுவில் பேச்சே இருப்பதில்லை. கேட்டால், வேலை அதிகம், நேரம் இல்லை என்பார்கள். நான் உறுப்பினராக இருந்த மூன்று குழுக்களில் இரண்டு முதல் கூட்டத்தோடு நின்றுபோயின. அந்த இரண்டிலும் உறுப்பினர்களின் ஆர்வத்தில் குறை இருக்கவில்லை. முதல் நூலைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் பிழை இருந்தது என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல முடியும். முதல் நூல் ஒரு குழுவை உருவாக்குவதற்கான நூல். எல்லோருக்கும் கிடைக்க வேண்டும், எல்லோரும் படித்து முடிக்க வேண்டும், முடித்தவர்கள் ஒருவரோடொருவர் மாறுபட்டுப் பேச அதில் இடம் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் மறந்துவிட்டுத் தேர்ந்தெடுக்கும்போதுதான் தவறுகள் நேர்கின்றன.

தமிழ்க் குழுக்களில் பெரும்பாலும் முதலில் முன்மொழியப்படும் நூல் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. அது 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்த நாவல். ஐந்து பாகங்கள், அச்சில் 2,000 பக்கங்களைத் தாண்டும். வாரந்தோறும் சிறிது சிறிதாகப் படித்து, அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்த வாசகர்களுக்காக எழுதப்பட்ட கதையை ஒரு மாதத்தில் முடித்துவிட்டு வரச் சொல்வது அந்த நாவலுக்கும் நியாயம் செய்வதாகாது, புதிய வாசகருக்கும் நியாயம் செய்வதாகாது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதைப் பலமுறை படித்து, பாத்திரங்களை உறவினர்களைப் போல அறிந்தவர்கள் சிலர் இருப்பார்கள். 2022, 2023 ஆண்டுகளில் வந்த திரைப்படங்களை மட்டும் பார்த்தவர்கள் சிலர் இருப்பார்கள். இவர்களுக்கிடையே முதல் நாளிலேயே ஆசிரியர், மாணவர் என்ற பிரிவு உண்டாகிவிடுகிறது. ஓராண்டு கடந்து, குழு நிலைபெற்ற பிறகு, வாரம் சில அத்தியாயங்கள் என்று எடுத்துக்கொண்டால் அதே நாவல் பெரும் மகிழ்ச்சியைத் தரும்.

நூலின் அளவைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. வேலைக்குச் செல்லும் ஒருவர் நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் படிக்கிறார் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 300 பக்கம். ஆனால் புத்தகம் கைக்கு வந்துசேர ஒரு வாரம் போகும். காய்ச்சல், திருமணம், தேர்வு என்று இன்னொரு வாரம் போகும். மிஞ்சுவது 150, அதிகம் போனால் 200 பக்கம். கூட்டத்தின் நேரமும் இதே கணக்கில் சேரும். ஸூம் செயலியின் கட்டணமற்ற கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடத்தில் நின்றுவிடும். கூகுள் மீட்டில் மூவரோ அதற்கு மேலோ கூடினால் 60 நிமிடம். பத்துப் பேருக்கு 40 நிமிடம் என்றால் ஆளுக்கு நான்கு நிமிடம். அந்த நேரத்துக்குள் பேசித் தீராவிட்டாலும் பேசத் தொடங்கவாவது முடிகிற அளவில் நூல் இருக்க வேண்டும்.

அடுத்த தவறை நானே செய்திருக்கிறேன். மிகவும் நேசிக்கும் நூலை முதல் நூலாக வைப்பது. என் குழு ஒன்றில், நான் இளமையில் படித்து, பிறகு பலமுறை திரும்பப் படித்த ஒரு கடினமான நாவலைப் பரிந்துரைத்தேன். மற்றவர்களைவிட வயதில் மூத்தவன் என்பதால் ஒருவரும் மறுக்கவில்லை. கூட்டத்துக்கு வந்த பதினொரு பேரில் முழுதாகப் படித்தவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் என் முகத்துக்காக இரண்டு வாக்கியம் பாராட்டிவிட்டு அமைதியானார்கள். ஒரு வாரம் கழித்து, கல்லூரி முடித்த ஓர் இளம்பெண் எனக்குத் தனியாக எழுதினார்: இலக்கியம் படிக்கும் தகுதி தனக்கு இல்லை என்று புரிந்துகொண்டதாகவும், குழுவிலிருந்து விலகுவதாகவும். நன்றாகப் படிக்கக்கூடிய ஒருவரை அப்படி நினைக்கவைத்தது என் தேர்வு. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

இதனால் எளிய நூலைத்தான் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சில நூல்கள் தம்மைப் படிப்பதற்கான பழக்கத்தை வாசகரிடம் முன்கூட்டியே எதிர்பார்க்கின்றன. சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981), கற்பனையான ஒரு மலையாள எழுத்தாளரைப் பற்றிய குறிப்புகளாகவும் அவருடைய நாட்குறிப்பாகவும் அமைந்தது. கதை எங்கே என்று தேடிக்கொண்டே அதைப் படிப்பவர் பாதியில் மூடிவைப்பார். வடிவத்தையே ரசிக்கத் தெரிந்தவர் கீழே வைக்க மாட்டார். ஒருவரையொருவர் இன்னும் அறியாத பத்துப் பேரிடம் அத்தகைய நூலைக் கொடுத்தால், முதல் கூட்டத்தில் புரிந்தவர் சிலரும் புரியாதவர் பலரும்தான் எஞ்சுவார்கள். மிகவும் பிடித்த நூலை முன்மொழிவதில் இன்னோர் இடர்: அதை எவரேனும் குறை சொன்னால் முன்மொழிந்தவர் மனம் வருந்துவார் என்று அஞ்சியே மற்றவர்கள் உண்மையைப் பேச மாட்டார்கள். முன்மொழிபவருக்கும் அந்த நூல் புதிதாக இருப்பது நல்லது.

நூல் கிடைக்குமா என்பதை விசாரிக்காமல் அறிவித்துவிடுவதைத்தான் நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். இணையக் குழு என்றால் ஒருவர் திருநெல்வேலியில் இருப்பார், ஒருவர் பெங்களூரில், ஒருவர் டொரண்டோவில், ஒருவர் சிங்கப்பூரில். தமிழில் பல நல்ல நூல்கள் குறைந்த படிகளே அச்சிடப்படுகின்றன. ஒரு பதிப்பு தீர்ந்து அடுத்தது வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடுவதுண்டு. சனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் எளிதாகக் கிடைத்த நூல், ஆகஸ்டில் பதிப்பகத்தைத் தொலைபேசியில் அழைத்தால் இருப்பில் இல்லை என்று தெரியவரும். வெளிநாட்டுக்கு வரவழைத்தால் நூலின் விலையைவிட அஞ்சல் செலவு கூடிவிடும். ஆகவே அறிவிப்பதற்கு முன்பே பதிப்பகத்தில் இருப்பு உண்டா, மின்னூல் உண்டா, அந்த மின்னூல் உறுப்பினர்கள் வசிக்கும் நாடுகளில் விற்பனைக்கு உள்ளதா என்ற மூன்றையும் ஒருவர் பொறுப்பேற்றுக் கேட்டறிய வேண்டும். அரை மணி நேர வேலைதான் இது, எவரும் செய்வதில்லை.

நூல் கிடைக்காதபோது எவரேனும் ஒருவர் கைபேசியில் படம்பிடித்த பிடிஎஃப் கோப்பைக் குழுவில் போடுவார். நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் வாழும் எழுத்தாளருக்கும் சிறு பதிப்பாளருக்கும் வர வேண்டிய சொற்ப வருமானம் அதனால் இல்லாமல் போகிறது. உரிமைத்தொகை கொடுக்காமலே படிக்கக்கூடிய நூல்கள் தமிழில் ஏராளமாக இருக்கும்போது இதற்குத் தேவையே இல்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் பதிப்புரிமை முடிகிறது. அதற்கு முன்பே தமிழக அரசு பல எழுத்தாளர்களின் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. 1998-இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத்து நூல்களுக்கென 2005-இல் தொடங்கப்பட்ட நூலகம் தளத்திலும் தேடினால் முதல் ஆண்டு முழுவதற்கும் போதுமான நூல்கள் கிடைக்கும்.

பதிப்பு வேறுபாட்டையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நாட்டுடைமை ஆன நூல்களைப் பல பதிப்பகங்கள் வெளியிடுவதால் பக்க எண்கள் ஒத்துப்போகா. பல மின்னூல்களில் பக்க எண்ணே இராது. ‘பக்கம் 74-ஐப் பாருங்கள்’ என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தேடிக்கொண்டிருப்பதிலேயே கூட்டம் கரையும். அத்தியாயங்களாகப் பிரிக்கப்பட்ட நூலாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. சிறுகதைத் தொகுப்பு என்றால் பதிப்புக்குப் பதிப்பு கதைகளே மாறக்கூடும் என்பதால், கதைகளின் பெயர்களைக் குறித்தே அறிவிக்க வேண்டும்.

எல்லோரிடமும் கேட்டு முடிவெடுப்பது நியாயமானது என்ற எண்ணத்தில் வாக்கெடுப்பு வைப்பது வழக்கம். வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் 12 தெரிவுகள் வரை தரலாம். பன்னிரண்டையும் நிரப்பி வாக்கு நடத்தினால், வெல்லும் நூலுக்கு மூன்று வாக்கு விழுந்திருக்கும். மற்ற ஏழு பேர் வேறொன்றை விரும்பியிருப்பார்கள். யார் எதற்கு வாக்களித்தார் என்பது மற்றவர்களுக்குத் தெரியும்போது, மூத்தவர் ஒருவர் முதலில் வாக்களித்ததும் இளையவர்கள் அவர் பின்னாலேயே செல்வதும் இயல்பு. எங்கள் மூன்றாவது குழுவில் வேறு முறையைக் கையாண்டோம். ஒருவர் மூன்று நூல்களை மட்டும் தேர்ந்தெடுத்து, கிடைக்குமா என்பதையும் உறுதிசெய்துகொண்டு, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே, ‘இவற்றில் உங்களால் படிக்க இயலாதது எது?’ என்று கேட்டார். பிடித்ததைக் கேட்டால் மரியாதைக்காகப் பதில் வரும். இயலாததைக் கேட்டால் உண்மை வருகிறது. ஒருவர் தந்தையை இழந்து சில மாதங்களே ஆனதால் மரணத்தை மையமாகக் கொண்ட நாவலை இப்போது படிக்க முடியாது என்றார். பொதுவில் அவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். எவராலும் மறுக்கப்படாத நூல் எங்கள் முதல் நூலானது. அந்தக் குழு இன்றும் நடக்கிறது.

எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று தேடுவது இதற்கு நேரெதிரான பிழை. முன்னேற்ற நூல்கள், அறிவுரை நூல்கள், எவரும் குற்றம் காண முடியாத இனிய கதைகள் ஆகியவற்றை எடுத்தால், ‘நன்றாக இருந்தது’, ‘எனக்கும் பிடித்திருந்தது’ என்று பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். உரையாடலுக்கு வேண்டியது ஒரு பாத்திரத்தின் செயலை இருவர் இருவிதமாக எடைபோடும் வாய்ப்பு. தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) அளவில் சிறியது, நடையில் தடையில்லாதது. அதில் வரும் அலங்காரம் தன் மகன் அப்புவை வேதபாடசாலைக்கு அனுப்பியது எதனால், அவளைப் புரிந்துகொள்வதா, மன்னிப்பதா, மன்னிக்க நாம் யார் என்று வாசகர்கள் பிரிந்து நிற்பார்கள். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ இன்னும் சிறியது. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் குடத்தோடு அலையும் ஜமுனாவிடம் கடைசியில் தெரியும் தெம்பு எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம். நகரத்தில் வாழ்ந்த எவருக்கும் சொல்ல ஒரு தண்ணீர்க் கதை இருக்கும் என்பதால், இலக்கியப் பழக்கம் இல்லாதவரும் தயங்காமல் பேச்சில் கலந்துகொள்வார்.

சாதியையும் மதத்தையும் நேராகத் தொடும் நூல்களைப் பற்றி எனக்கு இன்னும் இரு மனமே. பாமாவின் ‘கருக்கு’ (1992) நம் காலத்தின் இன்றியமையாத தன்வரலாற்று நூல்களில் ஒன்று. ஆனால் எப்படிப் பேசிக்கொள்வது என்று இன்னும் பழகாத குழுவில், ஒருவர் சிந்திக்காமல் சொல்லும் ஒரு சொல், அந்த வலியை வாழ்ந்து அறிந்த இன்னொருவரைக் காயப்படுத்தி, அவர் ஓசையின்றி விலகிப்போகும்படி செய்யலாம். அதற்கு அஞ்சி அத்தகைய நூல்களைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் குழுவும் நேர்மையான குழு ஆகாது. மூன்றாவது அல்லது நான்காவது நூலாக எடுப்போம் என்று நாள் குறித்துவைப்பதே இப்போதைக்கு எனக்குச் சரியாகப் படுகிறது.

குழுவில் உள்ள ஒருவர் எழுதிய நூலையோ, நண்பர் அண்மையில் வெளியிட்ட நூலையோ முதல் நூலாக எடுக்கவே கூடாது. எழுதியவர் திரையில் அமர்ந்திருக்கும்போது எவரும் மனந்திறந்து பேச மாட்டார்கள். முதல் கூட்டத்தில் பழகிய பாராட்டு மொழி பிறகு மாறுவதும் கடினம்.

வட்டார வழக்கைக் காரணம் காட்டி நல்ல நூல்களை ஒதுக்குவதையும் பார்க்கிறேன். கரிசல் பேச்சோ, கொங்குப் பேச்சோ, யாழ்ப்பாணப் பேச்சோ முதல் இருபது பக்கத்துக்குத் தடையாக இருக்கும். பிறகு காது பழகிவிடும். கரிசல் வழக்குக்குக் கி. ராஜநாராயணனும் கொங்கு வழக்குக்குப் பெருமாள்முருகனும் சொல்லகராதிகளே தொகுத்திருக்கிறார்கள். அந்த மண்ணைச் சேர்ந்த ஒருவர் குழுவில் இருந்து, முதல் அத்தியாயத்தை உரக்கப் படித்துக் குரல் பதிவாக அனுப்பினால் பாதித் தடை நீங்கும். அப்படி ஒருவரும் இல்லையென்றால் முதல் முறைக்கு வேறு நூலைப் பார்ப்பது நல்லது.

நாவலையே படிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பெரும்பாலோர் தமிழில் படித்து நெடுங்காலமாகிவிட்ட குழுவுக்கு, புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’, ‘செல்லம்மாள்’, ‘சாப விமோசனம்’ ஆகிய மூன்று கதைகள் முதல் மாதத்துக்குப் போதும். ஒரு முழுத் தொகுப்பைக் கொடுத்தால் ஆளுக்கொரு கதையைப் படித்துவிட்டு வருவார்கள், ஒருவர் சொல்வது மற்றவருக்குத் தொடர்பற்றதாக இருக்கும். மூன்று என்று வரையறுத்தால் எல்லோரும் ஒரே கதையைப் பற்றிப் பேசுவார்கள்.

முதல் நூலை அறிவிக்கும்போதே இரண்டாவது, மூன்றாவது நூல்களையும் பட்டியலிட்டுவிடுவது ஒழுங்காகத் தோன்றும். அதையும் செய்ய வேண்டாம். எத்தனை பேர் முடித்தார்கள், முடிக்காதவர்கள் எந்த அத்தியாயத்தில் நிறுத்தினார்கள், எந்த இடத்தில் இருவர் ஒரே நேரத்தில் பேச முற்பட்டார்கள் என்பதெல்லாம் முதல் கூட்டத்தில்தான் தெரியவரும். அவற்றை ஒருவர் குறித்துவைத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து அடுத்த மூன்று நூல்களை முன்வைக்கட்டும்.