ஆண்களுக்கான பால்வினைத் தொற்று முகாம்: காசு எங்கே வீணாகிறது?

கிருஷ்ணகிரி பக்கம் லாரிகள் நிற்கும் இடத்தில் ஒரு முகாம். பெயர் பதியும் மேசையில் நான் இருந்தேன். ஒரு டிரைவர் சிறுநீர் டப்பாவைத் துண்டுக்குள் சுருட்டி எடுத்து வந்து, யாரும் பார்க்காதபோது மேசைக்கு அடியில் நீட்டினார். ரிசல்ட் எட்டு நாள் கழித்து வந்தது: தொற்று இருக்கிறது. அவர் தந்த நம்பருக்கு அடித்தால் கிளீனர் எடுத்தார். "அண்ணன் வேற வண்டிக்குப் போயிட்டாருங்க." என்ன விஷயம் என்று அவரிடம் சொல்லவும் முடியாது. போனை வைத்துவிட்டேன்.

அந்த முகாமின் கணக்கில் அந்த டிரைவர் "பரிசோதிக்கப்பட்டவர்". முதல் தவறே இதுதான். செலவை பரிசோதித்த ஆட்களால் வகுத்துவிட்டு, மலிவாக முடித்தோம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு உதாரணக் கணக்கு: 20,000 ரூபாய் செலவில் 200 பேர், ஆளுக்கு 100 ரூபாய். அதில் 4 பேருக்குத் தொற்று, மருந்து போய்ச் சேர்ந்தது ஒருவருக்கு. அப்படியானால் ஒருவரைக் குணப்படுத்த ஆன செலவு 20,000. இன்னும் 2,000 போட்டு, தேடிப்பிடித்து நாலு பேருக்கும் வைத்தியம் பார்த்திருந்தால் அது 5,500 ஆகியிருக்கும். திட்டம் போடும்போது முதலில் வெட்டப்படுவது அந்த 2,000தான். எனக்கு இதில்தான் மனசு ஆறவில்லை.

அடுத்தது, எந்த டெஸ்ட் என்பது. சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கு விரலில் ஒரு சொட்டு ரத்தம் போதும், சுமார் 20 நிமிடத்தில் தெரிந்துவிடும். வண்டி கிளம்புவதற்குள் ஆளிடம் சொல்லிவிடலாம். ஆரம்பக் கட்டமென்றால் 24 லட்சம் யூனிட் பென்சாத்தின் பென்சிலின் ஊசி, ஒரே தவணை. இந்த நோயில் முதலில் வரும் புண் பெரும்பாலும் வலிக்காது, தானாகவே ஆறியும் விடும். அதனால் ஆள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டார். தேடிப்போய்ப் பார்க்க வேண்டிய நோய் இது. கிளமிடியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்றுக்கான மரபணுப் பரிசோதனை அப்படியல்ல, விலையும் அதிகம், ஆய்வகமும் வேண்டும். இங்கிலாந்திலேயே 2021இல் தங்கள் கிளமிடியா திட்டத்தை மாற்றி, அறிகுறி இல்லாத இளம் ஆண்களைத் தேடிப்போய்ப் பரிசோதிப்பதை விட்டு, 25 வயதுக்குட்பட்ட பெண்கள் பக்கம் திருப்பினார்கள். அந்தத் தொற்றின் பாதிப்பு பெரும்பாலும் பெண்களுக்குத்தான். நாம் ஏன் கையில் இருக்கும் சொற்பக் காசை அதில் கொட்ட வேண்டும்? சிறுநீர் போகும்போது எரிச்சல், சீழ் என்று யாராவது சொன்னால் அது வேறு விஷயம். அவரை உடனே அரசு மருத்துவமனையில் பால்வினைத் தொற்றுக்கு வைத்தியம் பார்க்கும் சுகவாழ்வு மையத்துக்கு அனுப்புங்கள், வைத்தியம் இலவசம்.

விரைவு டெஸ்டில் பாசிட்டிவ் வந்தாலே புது நோயாளி என்று எழுதுவதும் தவறு. முன்பே சிபிலிஸ் வந்து குணமானவருக்கும் அந்தக் கிட் பெரும்பாலும் ஆயுள் முழுக்க பாசிட்டிவ் காட்டும். முன்பு ஊசி போட்டாரா என்று கேட்டுவிட்டு, நோய் இப்போதும் இருக்கிறதா என்று அறிய உதவும் ஆர்பிஆர் என்ற ரத்த டெஸ்டும் எடுக்க வேண்டும். நோய் அரிதான கூட்டத்தில் பொய் பாசிட்டிவும் கூடும். 1,000 பேரில் 10 பேருக்குத்தான் நோய், நோயில்லாத நூறு பேரில் இருவருக்கு டெஸ்ட் தப்பு சொல்லும் என்று வைத்துக்கொண்டால், நிஜ நோயாளிகள் பத்துப் பேர், வீணாகக் கலங்கப்போகிறவர்கள் இருபது பேர். கல்லூரி வாசலில் கூட்டம் சேர்ப்பதைவிட, ஆபத்து அதிகமுள்ள இடத்துக்குப் போவது இதனால்தான் லாபம்.

அப்புறம் மனைவி. பெங்களூருவில் கட்டட வேலை பார்த்துவிட்டு தருமபுரி திரும்புகிறவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால், இருவருக்குள்ளும் தொற்று மாறி மாறி வரும். கர்ப்பிணிக்கு சிபிலிஸ் இருந்து கவனிக்காமல் விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம். ஆண்களின் முகாமில் மிச்சமாகும் பெரிய செலவு இந்த இடத்தில்தான் இருக்கிறது, கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

ஓசூர் கம்பெனிகளில் முகாம் போட்டால் ரிசல்ட் பட்டியலை நிர்வாகத்திடம் கொடுக்காதீர்கள். எச்ஐவி விஷயத்தில் சம்மதமும் ரகசியமும் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படியே கட்டாயம். பட்டியல் ஒருமுறை வெளியே போனால், அடுத்த முகாமுக்கு ஆள் வராது.

நேரமும் பாருங்கள். காலை பதினொரு மணிக்கு டிரைவர் ரோட்டில் இருப்பார். இரவு ஏழுக்கு மேல், சமையலுக்கு ஸ்டவ் பற்றவைக்கும் நேரத்தில் போனால் நின்று பேசுவார். இரண்டு நம்பர் வாங்குங்கள், ஒன்று வீட்டு நம்பராக இருக்கட்டும். எந்த நம்பரில் யார் எடுத்தால் பேசலாம் என்பதையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.