கிளறாமல் ஆக்கும் கஞ்சி: ரஷ்ய வீட்டு முறையில் பக்வீட் காலை உணவு

ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகள் வீட்டில் இருந்தால், "இங்கே சோற்றுக்குப் பதிலாகப் பழுப்பாக ஒன்று போடுகிறார்கள்" என்ற புலம்பலை வீடியோ காலில் கேட்டிருப்பீர்கள். அந்தப் பழுப்புத் தானியம்தான் பக்வீட். ரஷ்யர்கள் கிரேச்கா என்பார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பட்டாளம், மாணவர் விடுதி எங்கே போனாலும் தட்டில் இது இருக்கும். 2010இல் கடும் வறட்சியால் விளைச்சல் விழுந்தபோது விலை தாறுமாறாக ஏறியது. 2020 மார்ச்சில் கொரோனா பயம் வந்ததும் அங்குள்ள கடைகளில் முதலில் காலியான சாமான்களில் இதுவும் ஒன்று. சோவியத் காலத் தட்டுப்பாட்டில், சர்க்கரை நோயாளிகளுக்கென்று தனிச் சீட்டில் கிரேச்கா கொடுத்ததும் உண்டு.

பெயரில் வீட் ஒட்டிக்கொண்டிருந்தாலும் கோதுமைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இது புல் வகையே கிடையாது. நம் சுக்காங்கீரை இருக்கும் அதே குடும்பத்துச் செடியின் விதை. அதனால் கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் இதில் இல்லை. வட இந்தியாவில் நவராத்திரி விரதத்தில் தானியம் தொடாதவர்கள் பூரி சுடுவது இந்த விதையின் மாவில்தான். அங்கே பெயர் குட்டு. ரஷ்யாவில் குழந்தைகளுக்குத் திட உணவு பழக்கும்போது முதலில் கொடுக்கும் கஞ்சிகளில் இதுவும் அரிசியும் மக்காச்சோளமும் இருக்கின்றன.

இன்று செய்யப்போவது ஒரே பாத்திரத்தில் இரண்டு வேலை. முதலில் உதிரியாக வேகவைத்துக்கொள்கிறோம். அதிலிருந்து பிள்ளைகளுக்குப் பால் கஞ்சி, பெரியவர்களுக்கு வெண்ணெயும் வெங்காயமும் போட்ட உப்புக் கஞ்சி.

எதை வாங்குவது

பலரும் சறுக்குவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கடையில் நான்கு உருவத்தில் கிடைக்கும். கறுப்புத் தோலோடு இருப்பது முளைகட்டவும் மாவு திரிக்கவும்தான், கஞ்சிக்கு ஆகாது. மாவாக விற்பதும் இன்றைக்கு வேண்டாம். அதிலும் குட்டு மாவு சீக்கிரம் சிக்கடித்துப்போகும். பழைய மாவிலும் கலப்பட மாவிலும் செய்ததைச் சாப்பிட்டு நவராத்திரி நேரத்தில் வாந்தி மயக்கம் என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தி வடக்கே அடிக்கடி வரும். மிச்சம் இருப்பவை தோல் நீக்கிய முழு மணிகள் இரண்டு: இளம்பச்சையாக இருக்கும் வறுக்காதது, பழுப்பாக இருக்கும் வறுத்தது.

ரஷ்ய வீட்டு ருசி வேண்டுமென்றால் பழுப்புதான். பாக்கெட்டைப் பிரித்ததும் வறுத்த வாசனை வரவேண்டும். டொராண்டோ, லண்டன், பாரிஸ் பக்கம் இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. போலந்து, உக்ரைன், ரஷ்யக் கடை எதிலும் மலிவாகக் கிடைக்கும். நம்மூரில் ஆர்கானிக் கடையிலும் ஆன்லைனிலும் பெரும்பாலும் பச்சைதான் வருகிறது. பரவாயில்லை, அதை வீட்டிலேயே வறுத்துக்கொள்ளலாம். முதல் தடவை அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். இதன் வாசனை எல்லோருக்கும் உடனே பிடித்துவிடாது.

நான்கு பேருக்கு அளவு

பக்வீட் 1 டம்ளர் (200 மில்லி டம்ளர், எடையில் 160 முதல் 170 கிராம் வரும்). தண்ணீர் 2 டம்ளர். உப்பு அரை டீஸ்பூன். வெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன். பால் 2 டம்ளர். பெரிய வெங்காயம் ஒன்று. இனிப்புக்குச் சர்க்கரையோ தேனோ, உங்கள் விருப்பம். அடிகனமான, மூடி இறுக்கமாகப் பொருந்துகிற பாத்திரம் ஒன்று அவசியம். அது இல்லாவிட்டால் மற்றது எதுவும் சரிவராது.

1. பொறுக்கி, களைந்து வையுங்கள்

ஒரு தாம்பாளத்தில் பரப்பிப் பாருங்கள். மூன்று பட்டை உள்ள மணிகளுக்கு நடுவே தோல் போகாத கறுப்பு மணி, உமி, சில சமயம் கல்லும் கிடக்கும். ரஷ்யப் பாட்டிகள் சாப்பாட்டு மேசை மேலேயே கொட்டி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நல்ல மணிகளை விரலால் மேசை ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி மடியில் இருக்கும் கிண்ணத்தில் விழவைப்பார்கள். பேரப் பிள்ளைகளுக்கும் அந்த வேலையில் பங்கு உண்டு. இப்போது வரும் பாக்கெட்டுகள் சுத்தமாகவே இருக்கின்றன, ஒரு பார்வை போதும்.

பிறகு அரிசி களைவது போலவே இரண்டு மூன்று தண்ணீரில் களைந்து வடிகட்டுங்கள். பச்சை மணியில் கொழகொழப்பு அதிகம், தண்ணீர் தெளியும்வரை விடாமல் களையுங்கள். ஊறவைக்க வேண்டாம்.

2. வறுங்கள்

வடித்த மணியை வெறும் வாணலியில் போட்டு மிதமான தீயில் வறுங்கள். ஏற்கெனவே வறுத்த பழுப்பு மணிக்கு ஈரம் போய் வாசனை கிளம்பினால் போதும், இரண்டு மூன்று நிமிடம். பச்சை மணிக்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். முதலில் ஒன்றோடொன்று ஒட்டும், பிறகு தனித்தனியாகப் பிரிந்து வாணலியில் சலசலக்கும், அப்புறம் நிறம் மாறும். தேன் நிறம் வந்தவுடன் இறக்குங்கள். அதற்கு மேல் போனால் கசந்துவிடும்.

அமெரிக்காவில் யூதக் குடும்பங்கள் இந்த இடத்தில் அடித்த முட்டை ஒன்றை ஊற்றி மணிகளில் பூசிப் புரட்டுவார்கள். வெந்தபின் ஒட்டாமல் இருக்க அது ஒரு நல்ல உபாயம். சைவர்களுக்கு வறுப்பதே போதும்.

3. உலை வையுங்கள், மூடுங்கள், விட்டுவிடுங்கள்

இரண்டு டம்ளர் தண்ணீரை அடிகனமான பாத்திரத்தில் கொதிக்கவிட்டு உப்புப் போடுங்கள். மணியைக் கொட்டி ஒரே ஒரு தடவை கிளறிவிடுங்கள். பச்சை மணியானால் தண்ணீர் ஒன்றேமுக்கால் டம்ளர் போதும், இல்லாவிட்டால் குழைந்துவிடும். மறுபடி கொதி வந்ததும் மேலே நுரை கட்டும். கரண்டியால் எடுத்து எறியுங்கள். தீயை அடங்கிய சிம்முக்குக் கொண்டுவந்து மூடிவிடுங்கள்.

இனிமேல் கரண்டிக்கு வேலை இல்லை. கிளறினால் மணியின் மூலைகள் உடைந்து மாவு வெளியே வரும், அப்புறம் அது பசைதான். மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் ஆவி போய், மேலே இருப்பது விறைப்பாகவும் அடியில் இருப்பது கூழாகவும் நிற்கும். நம் கை சும்மா இருக்காது என்பது தெரியும். கையை வேறு எதிலாவது போடுங்கள், வெங்காயம் நறுக்குங்கள்.

பழுப்பு மணிக்கு 15 நிமிடம், பச்சைக்கு 10 முதல் 12 நிமிடம். நேரம் ஆனதும் ஒரு முறை திறந்து பாருங்கள். மேற்பரப்பில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்திருக்கும். பாத்திரத்தை லேசாகச் சாய்த்தால் தண்ணீர் ஓடக்கூடாது. ஓடினால் இன்னும் இரண்டு நிமிடம்.

எத்தனை விசில் என்று யாராவது கேட்பீர்கள். குக்கரே வேண்டாம். இதற்கு அவ்வளவு ஆவி தாங்காது.

4. துண்டு போர்த்துங்கள்

அடுப்பை அணைத்து, ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெயை மேலே வைத்து மூடி, தடித்த துண்டால் பாத்திரத்தைச் சுற்றி 15 நிமிடம் விட்டுவிடுங்கள். அந்தக் காலத்து ரஷ்யக் கிராம வீடுகளில் செங்கல்லால் கட்டிய பெரிய அடுப்பு இருக்கும். நெருப்பு அடங்கிய பிறகும் மணிக்கணக்கில் சூடு தங்கும். வார்ப்பிரும்புப் பானையில் கஞ்சியை வைத்து உள்ளே தள்ளிவிட்டால் அந்தச் சூட்டிலேயே அது பக்குவப்படும். துண்டு போர்த்துவது அந்த அடுப்புக்கு நகர வீட்டில் கண்ட மாற்று. ஆறவேண்டுமே என்று இந்தப் படியைத் தாண்டாதீர்கள். உள்ளே எஞ்சிய ஈரம் எல்லா மணிக்கும் சமமாகப் பரவுவது இப்போதுதான்.

வெண்ணெய் கூடிப்போனால்? "வெண்ணெயால் கஞ்சி கெட்டதில்லை" என்பது ரஷ்யப் பழமொழி.

5. பிள்ளைகளுக்குப் பால் கஞ்சி

வெந்ததில் பாதியை இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பாலைத் தனியாகக் காய்ச்சி ஊற்றி, சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் வைத்தால் தளதளவென்று சேர்ந்து வரும். சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் வெண்ணெய். வாழைப்பழம் நறுக்கிப் போட்டால் முதல் தடவை சாப்பிடும் பிள்ளை முரண்டு பிடிக்காது. வெல்லம் போடுவதானால் இறக்கி, சூடு தணிந்தபின் போடுங்கள், இல்லையேல் பால் திரியும். அவசரக் காலையில் ரஷ்ய வீடுகளில் இதுகூடக் கிடையாது. தட்டில் சூடான கிரேச்கா, அதன்மேல் குளிர்ந்த பால், ஒரு கரண்டி சர்க்கரை, முடிந்தது.

முதலிலிருந்தே பாலில் வேகவைக்கலாமே என்றால், பாலில் இந்த மணி மெதுவாகத்தான் வேகும். அது வேகும் முன்னே பால் அடிபிடித்துவிடும். தண்ணீரில் வேகவைத்துப் பால் சேர்ப்பதே வசதி.

6. பெரியவர்களுக்கு

மீதி வெண்ணெயில் வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, உதிரிக் கஞ்சியோடு முள்கரண்டியால் பிரட்டுங்கள். காளான் இருந்தால் வெங்காயத்தோடு போட்டு நீர் சுண்டும்வரை வதக்கலாம். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் ரஷ்யத் தவக்காலத்துச் சாப்பாடு, அப்போது மட்டும் வெண்ணெய்க்குப் பதில் சூரியகாந்தி எண்ணெய். மற்ற நாளில் அவித்த முட்டை ஒன்று, உப்புநீரில் ஊறிய வெள்ளரிக்காய் இரண்டு துண்டு. மிளகு தூவிக்கொண்டால் நம் நாக்குக்கு இதமாக இருக்கும். கடுகு தாளிக்க எனக்கு மனம் வரவில்லை. வறுத்த வாசனையைத் தாளிப்பு மூடிவிடுகிறது.

குளூட்டன் ஆகாதவர்கள் வீட்டில் இருந்தால்

விதையில் குளூட்டன் இல்லை என்பதோடு வேலை முடியவில்லை. கோதுமை அரைக்கிற ஆலையிலேயே இதையும் உடைத்துப் பாக்கெட் போட்டிருந்தால் தூசு கலந்திருக்கும். குளூட்டன் பட்டால் குடல் புண்படும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு அந்தத் தூசே போதும் உபத்திரவத்துக்கு. அதனால் குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பாக்கெட்டையே வாங்குங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி அப்படிப் போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. கடையில் மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துத் தருவது வேண்டாம்.

அடுக்களையிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். கூட்டுப் பெருங்காயம் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்தது. பாலில் கலக்கும் மால்ட் பானங்களில் பார்லியும் கோதுமையும் இருக்கும். கஞ்சிக்கு ருசிக்கென்று அதைத் தூவிவிடாதீர்கள். சோபா எனப்படும் ஜப்பானிய பக்வீட் நூடுல்ஸ் பலவற்றிலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கிறது. இன்னொன்று, சீலியாக் இருக்குமோ என்று சந்தேகம் மட்டும்தான் என்றால், பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டால் சோதனையில் நோய் பிடிபடாமல் போகலாம்.

சிலருக்கு பக்வீட்டே ஒவ்வாது. ஜப்பானில் இதைப் பாக்கெட்டில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் வைத்திருக்கிறார்கள். முதல் நாள் பிள்ளைக்கு இரண்டு ஸ்பூன் மட்டும் கொடுத்துப் பாருங்கள். தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

சத்து என்று பார்த்தால், வறுத்த மணி 100 கிராமில் புரதம் ஏறத்தாழ 12 கிராம், நார்ச்சத்து 10 கிராம், மெக்னீசியம் 220 மில்லிகிராம். அரிசி, கோதுமையில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் இதில் தாராளம். மாவுச்சத்தும் அதே 100 கிராமில் 70 கிராமுக்கு மேல் உண்டு, எனவே சர்க்கரை நோயாளிகள் அளவோடுதான் சாப்பிட வேண்டும்.

மிஞ்சினால், நேரமே இல்லையென்றால்

பால் சேர்க்காத உதிரிக் கஞ்சி பிரிட்ஜில் இரண்டு நாள் நன்றாக இருக்கும். மறுநாள் வாணலியில் வெண்ணெய் விட்டுச் சூடாக்கினால் முதல் நாளைவிட ருசி. உக்ரைனில் மிச்சத்தைக் கொத்துக்கறியோடு பிசைந்து வடைபோலத் தட்டிப் பொரிக்கிறார்கள்.

ஆறரைக்குப் பள்ளி வண்டி வருகிற வீடுகளுக்கு பிளாஸ்க் இருக்கிறது. இரவு படுக்கும் முன் பிளாஸ்கைக் கொதிநீரால் ஒரு முறை அலசிக் கொட்டிவிட்டு, களைந்த பழுப்பு மணி ஒரு பங்கு, தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் இரண்டு பங்கு, உப்பு போட்டு இறுக மூடிவிடுங்கள். காலையில் வெந்திருக்கும். பாலை மட்டும் இரவில் சேர்க்காதீர்கள், கெட்டுவிடும். அகலவாய் பிளாஸ்காக இருக்கட்டும். காபி ஊற்றும் ஒடுங்கிய வாய் பிளாஸ்கில் போட்டால் காலையில் கரண்டிக் காம்பால் நோண்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.